உணவு வாணிகத்திற்கு ஓர் உயர்கல்வி



மும்பை, தில்லி, கொல்கத்தா, பெங்களூர் ஆகிய நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகள் பட்டப்படிப்பை முடிக்கும் தறுவாயில், அடுத்து எதைப் படிப்பது என்ற கேள்வி எழுவது இயல்பு. பொறியியல், கணக்கியல், சட்டம் என்று நீளும் அந்தப் பட்டியலில் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது ஒன்று உண்டு. அது உணவுத் தொழிலுக்கும் அதன் வெளிநாட்டு வாணிகத்திற்கும் உரிய நிர்வாகப் பட்டமேற்படிப்பு ஆகும். எம்.பி.ஏ. என்ற பெயரை அறியாதவர் இன்று அரியர். ஆனால் உணவுக்கென்றே அப்படியொரு படிப்பு ஏன் வேண்டும், அதனால் யாருக்கு என்ன நன்மை என்பவற்றைத் தெளிவாக அறிந்தவர் பலர் இலர். இன்று நாம் அதனையே பேச எண்ணியுள்ளோம். பேச்சைக் கல்லூரி வாயிலில் தொடங்குவதைக் காட்டிலும், பண்டம் விளையும் ஓர் ஊரிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் வட்டத்தில் வடகரப்பதி என்றொரு பஞ்சாயத்து இருக்கிறது. அதன் அருகே எருத்தேம்பதி, ஒழலப்பதி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் ஆகிய ஊர்கள் உள்ளன. எல்லையைக் கடந்தால் கோயம்புத்தூர் மாவட்டம். கொச்சி இராச்சியத்தில் இருந்த சித்தூர் வட்டம், 1956-ம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலத்தின் பகுதியாயிற்று. இங்கு வாழும் மக்களில் மிகப் பலர் தமிழ் பேசுபவர். வீட்டிலும் வயலிலும் தமிழ், அலுவலகங்களில் மலையாளம் என்று அவர்கள் வாழ்க்கை நடக்கிறது. பிறந்த மண்ணை விட்டு ஓர் அடியும் நகராமலே அவர்கள் வெளி மாநிலத் தமிழராக இருக்கின்றனர். அந்த வகையில், தொலைவில் வாழும் உங்களுக்கும் அவர்களுக்கும் ஓர் ஒப்புமை உண்டு.

கேரளம் என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது மழையும் பசுமையும். இந்தக் கிழக்குப் பகுதியோ மழை குறைந்த நிலம். ஆற்று நீருக்கும் அண்டை மாநிலத்தோடு ஒப்பந்தம் வேண்டியிருக்கிறது. 1970-ம் ஆண்டில் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின்படி, சித்தூர் ஆற்றுக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் வரவேண்டும். அந்த நீரையும் கிணற்று நீரையும் நம்பித் தென்னை, நிலக்கடலை, காய்கறி முதலியவற்றை உழவர்கள் விளைவிக்கின்றனர். காய்கறிகள் வேலந்தாவளம் சந்தைக்கு வருகின்றன. சற்றுத் தெற்கே மலையடிவாரத்தில் முதலமடை இருக்கிறது. நாட்டின் பிற பகுதிகளில் மாமரங்கள் பூத்துக் கொண்டிருக்கும்போதே, முதலமடை மாங்காய் தில்லிச் சந்தையை எட்டிவிடும். அந்த ஊர் பெற்ற புகழ் இந்த முந்தும் தன்மையால் வந்தது.

இத்தகைய ஊர்களின் உழவருக்கு விளைவிக்கத் தெரியும். எந்த வாரத்தில் எந்தச் சந்தை ஏறும், எந்தத் தரகர் நேர்மையானவர் என்பதும் தெரியும். ஆனால் அவருடைய பண்டத்தை ஏற்பதா, தள்ளுவதா என்பது அவர் பார்த்திராத ஓர் இடத்தில் முடிவாகிறது. இதற்கு 2014-ம் ஆண்டின் ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் கூறலாம்.

அவ்வாண்டு மே மாதம் முதல் நாளன்று ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தை உள்ளே விடுவதை நிறுத்தியது. பாகல், புடல், கத்தரி, சேம்பு ஆகிய நான்கிற்கும் அதே தடை விதிக்கப்பட்டது. 2013-ம் ஆண்டில் இந்தியாவிலிருந்து சென்ற பழம், காய்கறிச் சரக்குகளில் 207 தொகுதிகளில் பழ ஈ முதலிய பூச்சிகள் காணப்பட்டன என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். பூச்சி எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று பார்த்துத் தடை விதிக்கப்படவில்லை. நாட்டின் பெயரால் விதிக்கப்பட்டது. தூய்மையாக விளைவித்தவரும் அசட்டையாக விளைவித்தவரும் ஒரே கதவின் முன் நின்றனர். பின்னர் அரசின் ஏற்றுமதி அமைப்புகள், சான்று பெற்ற சிப்பங்கட்டும் நிலையங்கள் வழியாகவே சரக்கு செல்லவேண்டும் என்றும், பழம் முறையான வெந்நீர்ப் பதனம் போன்ற சிகிச்சையைப் பெறவேண்டும் என்றும் ஒழுங்கு செய்தன. 2015-ம் ஆண்டின் தொடக்கத்தில் மாம்பழத்தின் மீதிருந்த தடை விலகியது. காய்கறிகள் மேலும் காத்திருக்க நேர்ந்தது.

இங்கே எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் தடையை நீக்குவதற்குத் தேவைப்பட்ட அறிவு, புதிய விதையைக் கண்டுபிடிக்கும் அறிவு அன்று. தோட்டம், சிப்பங்கட்டும் நிலையம், சோதனைச்சாலை, துறைமுகம், வெளிநாட்டு அதிகாரி என்ற ஐந்து இடங்களையும் ஒரே நூலில் கோத்து, எங்கே பிழை நேர்ந்தாலும் கண்டுபிடிக்கக்கூடிய ஒழுங்கினை அமைக்கும் அறிவே வேண்டியிருந்தது. உணவு வாணிக நிர்வாகம் என்று இன்று கற்பிக்கப்படுவது பெரும்பாலும் இதுவேயாகும்.

அந்தப் படிப்பின் உள்ளடக்கத்தை ஒரு மாம்பழப் பெட்டியைக் கொண்டே விளக்கலாம். ஓர் உழவர் நூறு கிலோ மாம்பழம் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தரம் பிரித்தபின் அறுபது கிலோ ஏற்றுமதிக்குத் தேறுகிறது. மீதி நாற்பது கிலோவை என்ன செய்வது? உள்ளூர்ச் சந்தையில் அடிமாட்டு விலைக்குத் தள்ளலாம். ஆந்திரத்துச் சித்தூரிலும் நம் கிருஷ்ணகிரியிலும் உள்ளவை போன்ற பழக்கூழ் ஆலைகளுக்கு அனுப்பலாம். ஆலைக்கு அனுப்புவதானால் வண்டிச் சத்தம் எவ்வளவு, வழியில் அழுகுவது எவ்வளவு, ஆலைக்காரர் பணம் தர எத்தனை நாளாகும், அதுவரை கடனுக்கு வட்டி எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். அந்த அறுபது கிலோவுக்கும் குளிர்பதனச் செலவு, காப்பீடு, அந்நியச் செலாவணியின் ஏற்ற இறக்கம், வாங்குபவர் நாட்டுச் சட்டம் என்று வேறு கணக்குகள் இருக்கின்றன. மாணவர் கற்கும் கொள்முதல் முறை, செலவுக் கணக்கு, சரக்குப் போக்குவரத்து, உணவுச் சட்டம், தர மேலாண்மை, விற்பனை ஆகிய பாடங்கள் யாவும் இந்த ஒரு பெட்டிக்குள் அடங்கும். பெட்டியைக் கண்ணால் காணாமல் பாடத்தை மட்டும் படித்தவர், தேர்வில் வெற்றி பெறுவார், சரக்கை இழப்பார்.

தர மேலாண்மையைப் பற்றி ஒரு சொல். பொருள் செய்து முடிந்தபின் சோதித்துப் பார்ப்பது பழைய வழக்கம். 1960-களில் அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரிக்க நேர்ந்தபோது, பில்ஸ்பரி நிறுவனமும் நாசாவும் வேறொரு வழியை வகுத்தன. எந்தெந்தக் கட்டத்தில் கேடு நேரக்கூடும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து, அந்தக் கட்டங்களைக் காவல் காப்பது என்பது அந்த வழி. எச்.ஏ.சி.சி.பி. என்ற பெயரால் இன்று அது உலகெங்கும் வழங்குகிறது. அதன் அடிப்படை நம் வீட்டுப் பெண்டிருக்குப் புதிதன்று. ஊறுகாய் கெட்டபின் வருந்துவதை விட, ஈரக் கை படாமல் பார்த்துக்கொள்வதே மேல் என்பதை எந்தப் பாட்டியும் சொல்லுவார். ஆயினும் வாங்குபவர் கேட்பது, அந்தக் காவல் நாள்தோறும் நடந்தது என்பதற்கான எழுத்துச் சான்று. நம்மவர் பெரிதும் தவறுவது அந்த ஏட்டில்தான்.

இனி இடுக்கி எல்லைக்குச் செல்வோம். தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலிருந்து மலையேறினால் ஏலத்தோட்டங்கள் தொடங்குகின்றன. தோட்டத் தொழிலிலும் ஏல வாணிகத்திலும் தமிழருக்கு அங்கே நெடுங்காலத் தொடர்பு உண்டு. புற்றடியிலும் போடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் மின்னணு முறையில் ஏலக்காய் ஏலம் நடைபெறுகிறது. ஏலக்காய் நம் மலைகளுக்கு உரிய பயிர். ஆனால் இன்று உலகச் சந்தையில் மிகுதியாக விற்பது மத்திய அமெரிக்காவின் குவாதமாலா நாடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்தப் பயிர் அங்கே சென்றது. அந்நாட்டு மக்கள் ஏலக்காயை அவ்வளவாக உண்பதுமில்லை. விளைவதில் பெரும்பகுதியைக் கப்பலேற்றி விடுகின்றனர். நமக்கோ வீட்டிலேயே பெரிய சந்தை உண்டு. அதனால் வெளிநாட்டுச் சந்தை கைநழுவியபோது அதன் வலி நமக்கு உடனே தெரியவில்லை. பூச்சிமருந்து எச்சம் பற்றிய விதிகளை அரபு நாடுகள் கடுமையாக்கிய பிறகே நன்கு உறைத்தது.

நறுமணப் பொருள்களின் சோதனை இன்னும் ஓயவில்லை. 2024-ம் ஆண்டு ஏப்ரலில், எத்திலீன் ஆக்சைடு என்னும் வேதிப்பொருள் இருப்பதாகக் கூறி, ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இந்திய மசாலாத் தூள்கள் சிலவற்றைச் சந்தையிலிருந்து விலக்கின. கிருமியை ஒழிக்கப் பயன்படுத்திய பொருளே குற்றமாயிற்று. ஒரு நாட்டில் ஓரளவு அனுமதிக்கப்படுவது மற்றொரு நாட்டில் அறவே கூடாததாக இருக்கலாம். இந்த வேறுபாட்டை முன்கூட்டி அறிந்து சொல்லக்கூடிய ஒருவர் நிறுவனத்தில் இருப்பதும் இல்லாமற்போவதும் கோடிக்கணக்கில் லாப நட்டத்தைத் தீர்மானிக்கின்றன.

அப்படியானால் இந்த விதிகளை எழுதுவோர் யார்? ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து 1963-ம் ஆண்டில் கோடெக்ஸ் என்னும் உணவுத் தர ஆணையத்தைச் செயற்படுத்தத் தொடங்கின. அதன் கீழ் நறுமணப் பொருள்களுக்கென ஒரு குழு 2013-ம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அந்தக் குழுவை நடத்தும் பொறுப்பு இந்தியாவுக்குக் கிடைத்தது. அதன் செயலகம் கொச்சியிலுள்ள நறுமணப் பொருள் வாரியமாகும். முதற் கூட்டம் 2014 பிப்ரவரியில் கொச்சியில் நடந்தது. 2024-ம் ஆண்டுத் தொடக்கத்தில் அதே கொச்சியில் கூடிய ஏழாவது கூட்டத்தில், ஏலக்காய், மஞ்சள் உள்ளிட்ட பொருள்களுக்கான உலகத் தரவிதிகள் இறுதி செய்யப்பட்டன. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோதான் விதி பிறக்கிறது என்று நாம் நினைத்திருந்தோம். அதில் ஒரு பகுதி, வடகரப்பதியிலிருந்து பகற்பொழுதில் சென்று திரும்பக்கூடிய தொலைவிலுள்ள நகரத்தில் பிறக்கிறது. அந்த மேசையில் அமர்ந்து பேசத் தகுதியுள்ள இளைஞர், ஏலமும் மஞ்சளும் விளையும் ஊர்களிலிருந்து எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

இங்கே ஒரு வரலாற்றை நினைவூட்டலாம். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்ற வர்கீஸ் குரியன், அமெரிக்காவில் மேற்படிப்பை முடித்து, 1949-ம் ஆண்டில் குஜராத்தின் ஆனந்து நகருக்கு அரசுப் பணியாளராக வந்தார். அங்கே திரிபுவன்தாஸ் படேலின் தலைமையில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் 1946-ம் ஆண்டு முதல் இயங்கி வந்தது. குரியன் சங்கத்தின் நிர்வாகியானார். எருமைப் பாலைப் பொடியாக்க இயலாது என்று வெளிநாட்டு வல்லுநர் கூறியதை, அவருடைய நண்பர் தலாயா செய்து காட்டி மறுத்தார். அமுல் என்ற பெயர் அவ்வாறு வளர்ந்தது. இதில் நாம் பெறவேண்டிய பாடம், நிர்வாகி திறமையானவர் என்பது மட்டுமன்று. அவர் உற்பத்தியாளருடைய ஊழியராக இருந்தார் என்பதும் ஆகும். தம்மைப்போன்ற நிர்வாகிகள் பலர் வேண்டும் என்று கருதியே, 1979-ம் ஆண்டில் ஆனந்தில் ஊரக மேலாண்மைக் கல்வி நிலையத்தை அவர் நிறுவினார். 2025-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அது திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகமாக உயர்ந்துள்ளது.

இதற்கு மாறான ஓர் அனுபவமும் நம் பகுதியிலேயே உண்டு. தென்னையிலிருந்து புளிக்காத நீரா இறக்கக் கேரள அரசு 2014-ம் ஆண்டில் உரிமம் வழங்கத் தொடங்கியது. உழவர்களின் உற்பத்தி நிறுவனங்கள் ஆர்வத்தோடு முன்வந்தன. பானம் சுவையானது; சத்துடையது. ஆனால் மரத்திலிருந்து இறங்கிய சில மணி நேரத்தில் புளித்துவிடும். குளிரிலேயே வைத்து, குளிரிலேயே கொண்டு சென்று, கடையிலும் குளிரிலேயே விற்க வேண்டும். மரம் ஏறத் தொழிலாளர் வேண்டும்; கடன் தவணை மாதந்தோறும் கட்டவேண்டும். எதிர்பார்த்த சந்தை அமையாமல் பல நிறுவனங்கள் தளர்ந்தன. நல்ல பண்டமும் நல்ல எண்ணமும் இருந்தும், விற்பனை வழியும் முதலீட்டுக் கணக்கும் முன்னரே சரியாக அமையாவிட்டால் உழவரின் பங்குப் பணம் கரைந்துவிடும் என்பதை அது காட்டியது.

இனி, எங்கே படிக்கலாம் என்பதைக் கூறுவோம். எல்லைப் பகுதி மாணவருக்கு இரு பக்கமும் வாயில்கள் திறந்திருக்கின்றன. கிழக்கே கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், மேற்கே திருச்சூரை அடுத்த வெள்ளானிக்கரையில் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கூட்டுறவு, வங்கியியல், மேலாண்மைக் கல்லூரியும் வேளாண் வணிகத்தில் எம்.பி.ஏ. பட்டம் வழங்குகின்றன. ஐதராபாத்தில் மத்திய வேளாண்மை அமைச்சகத்தைச் சார்ந்த 'மானேஜ்' நிலையம் 1996-ம் ஆண்டு முதல் வேளாண் வணிக மேலாண்மைப் பட்டயம் கற்பித்து வருகிறது. தோட்டப் பயிர்களில் நாட்டமுள்ளோர்க்குப் பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டப்பயிர் மேலாண்மை நிறுவனம் உண்டு. அகமதாபாத்து இந்திய மேலாண்மை நிறுவனம் உணவு, வேளாண் வணிகத்திற்கெனத் தனியாக ஈராண்டுப் படிப்பை நடத்துகிறது. லக்னோ நிறுவனத்திலும் வேளாண் வணிகப் படிப்பு உண்டு. உணவுத் தொழில்நுட்பத்தோடு சேர்த்துக் கற்க விரும்புவோர், ஹரியானாவின் குண்டலியிலும் நம் தஞ்சாவூரிலும் இருக்கும் நிஃப்டெம் நிலையங்களை விசாரிக்கலாம். 2021-ம் ஆண்டில் அவ்விரண்டும் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனங்களாக அறிவிக்கப்பட்டன. கடல் கடந்து செல்ல வசதியுள்ளோர்க்கு நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம், 1845-ல் தோன்றிய இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் அரச வேளாண்மைக் கல்வி நிலையம் முதலியவை உள்ளன.

பெயர்களைக் கேட்டு மயங்கிவிடலாகாது. அகமதாபாத்து போன்ற இடங்களில் ஈராண்டுக் கட்டணம் இருபது இலட்சத்தைக் கடந்துவிட்டது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் செலவு மிகக் குறைவு. வெளிநாட்டுப் படிப்பில் கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவும் சேரும். தென்னந்தோப்பை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், கையெழுத்திடுமுன் சில கேள்விகளைக் கேட்கவேண்டும். சென்ற ஆண்டு அந்தப் படிப்பை முடித்தவர்கள் எந்தெந்த நிறுவனங்களில், என்ன வேலையில் இருக்கின்றனர்? மாணவர் எத்தனை வாரம் ஆலையிலோ சந்தையிலோ நேரில் பயிற்சி பெறுவார்? உணவுச் சட்டமும் தரக் கட்டுப்பாடும் முழுப் பாடங்களா, ஒரு சில சொற்பொழிவுகளா? கடனின் மாதத் தவணை, முதல் வேலையின் சம்பளத்தில் எத்தனையில் ஒரு பங்காகும்? இவற்றிற்குத் தெளிவான விடை தர மறுக்கும் கல்வி நிலையத்தை, அதன் கட்டடம் எவ்வளவு உயரமாயினும், ஒதுக்கிவிடுவதே நலம். தரமான நிறுவனங்களில் இடம் பெறுவோர்க்கு ஈடும் பிணையும் கேளாமல் கடன் வழங்க, பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தை மத்திய அரசு 2024 நவம்பரில் ஏற்றது. ஆண்டு வருமானம் எட்டு இலட்சம் ரூபாய்வரை உள்ள குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய்வரை உள்ள கடனில் வட்டிச் சலுகையும் அதில் உண்டு. தோப்பை அடகு வைக்குமுன் இதனை விசாரிப்பது கடமை.

மற்றொரு தடையையும் மறைக்காமல் கூறவேண்டும். மேலாண்மை நிறுவனங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில் நடக்கிறது. சித்தூர் வட்டத்தில் தமிழ்வழியில் பயின்ற மாணவர், கணக்கில் தேர்ந்தும் ஆங்கிலப் பகுதியில் பின்தங்க நேரிடும். அதற்குக் கல்லூரியின் முதலாண்டிலிருந்தே உழைக்கவேண்டும். ஆனால் அவரிடம் வேறொரு செல்வம் இருக்கிறது. தமிழும் மலையாளமும் அறிந்தவர் அவர்; உழவரோடு உழவர் மொழியில் பேசத் தெரிந்தவர். மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நாம் அன்றாடம் காண்பது இது: விதி ஆங்கிலத்தில் தெளிவாக இருக்கும்; அதனைக் கடைப்பிடிக்க வேண்டியவருக்கு அது எட்டியிராது. பூச்சிமருந்து தெளித்தபின் இத்தனை நாள் கழித்தே பறிக்கவேண்டும் என்ற ஒரு வரி, தோட்டத்தில் நிற்பவருக்குப் புரியும் சொல்லில் போய்ச் சேராததால், ஒரு கப்பற் சரக்கே திரும்பி வரலாம். அந்த ஒரு வரியை உரிய நாளில் உரிய சொல்லில் சொல்லக்கூடிய நிர்வாகி, எந்த நிறுவனத்திற்கும் வேண்டியவர்.

இறுதியாக, வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். தில்லியின் ஆசாத்பூர் மண்டியும் நவி மும்பையின் வாஷிச் சந்தையும் உங்களில் சிலருக்கு அண்மையில் இருக்கின்றன. முதலமடை மாங்காயும் இடுக்கி ஏலக்காயும் விலையாகும் இடங்கள் அத்தகைய சந்தைகளே. ஊரிலிருந்து ஒரு மாணவர் கோடை விடுமுறையில் பயிற்சிக்கு வந்தால், ஒரு மாதம் தங்க இடம் கொடுங்கள்; தெரிந்த வணிகர் ஒருவரிடம் அறிமுகம் செய்து வையுங்கள். உங்கள் சொந்தப் பிள்ளை இந்தப் படிப்பை நாடினால், சேர்வதற்கு முன்னரே ஒரு முறை ஊருக்கு அனுப்பி, வேலந்தாவளம் போன்றதொரு சந்தையில் பத்து நாள் நிற்கச் சொல்லுங்கள். எடை போடுவது, கழிவு பிரிப்பது, விலை இறங்கும்போது உழவர் முகம் மாறுவது ஆகியவற்றை அவர் பார்க்கட்டும். அதன்பின்னும் விருப்பம் குறையாதிருக்குமானால், தயக்கமின்றிச் சேர்த்துவிடலாம்.